'எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன்': நாம் தூங்கிக் கழித்த ஒரு பாடத்தின் வரலாறு

மலர்க் குழுவினர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, ஹாஸ்டல் ஞாபகம் மாதிரி" என்று கேட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி இந்த மலரில் குறைந்தது நான்கு பேராவது எழுதியிருப்பார்கள். அந்தச் சாம்பாரில் ஐந்தாவது கரண்டியாக நானும் விழ வேண்டாம் என்று நினைத்தேன். ஆகவே, நம்மில் ஒருவர்கூட பாடம் என்று மதிக்காத ஒரு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். முதல் வருடம் இரண்டு செமஸ்டரிலும் நாம் படித்த, அல்லது படித்ததாகப் பேர் பண்ணிய, டெக்னிக்கல் இங்கிலீஷ்.

2008இல் சேர்ந்த நம் பேட்ச் நண்பர்களுக்கு அது மறந்திருக்காது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் முதல் பீரியட். மின்விசிறி ஓடும், ஆனால் காற்று வராது. பரீட்சையில் நிச்சயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுக. அதற்குத் தம்பிகளாக எட்டு ரெகமெண்டேஷன், ஒரு செக்லிஸ்ட், ஒரு பார் சார்ட்டைப் பத்தியாக மாற்றுவது. கடைசி நாள் ராத்திரி கைடைப் புரட்டினால் போதும், பாஸ்!

ஒரு நாள் மேடம், "டீ போடுவது எப்படி, எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுங்க" என்றார். எழுதினோம். பிறகு ஒருவன் எழுதியதை இன்னொருவன் கையில் கொடுத்து, "இதில் இருக்கிறதை மட்டும் செய், நீயா எதுவும் சேர்க்காதே" என்றார். மேசைமேல் பாத்திரம், அடுப்பு எல்லாம் இருப்பதாகப் பாவனை. முதல் வரியே "பாலை ஊற்றவும்". கையில் தாளோடு நின்றவன், "எதுல மேடம் ஊத்துறது?" என்றான். வகுப்பே சிரித்தது. அன்று சிரித்தவர்களில் என் சத்தம்தான் பெரிது. சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ என் காதில் தங்கிவிட்டது: "கண்டிஷன் முன்னாடி வரணும், வேலை பின்னாடி வரணும்." காதில்தான் தங்கியது, கைக்கு வரவில்லை.

அது கைக்கு வராததால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன். இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கே அதுதான் காரணம்.

ஸ்ட்ரெய்னர் மூடி

2015இல் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே சூடான கண்டன்சேட் தண்ணீர் போகும் குழாயில் ஒரு ஸ்ட்ரெய்னர், அதாவது குப்பையைப் பிடிக்கும் வடிகட்டி. அதைக் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்கான ப்ரொசீஜரை ஆங்கிலத்தில் எழுதி, லேமினேட் செய்து, குழாய் பக்கத்தில் மாட்டியது நான்தான். தற்செயலோ என்னவோ, அதிலும் எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன்!

ஐந்தாவது வரி இது: "ஓப்பன் தி ஸ்ட்ரெய்னர் கவர் ஆஃப்டர் க்ளோசிங் போத் தி ஐசொலேஷன் வால்வ்ஸ் அண்ட் ட்ரெயினிங் தி லைன்." இலக்கணப்படி குற்றம் ஒன்றும் கிடையாது. எந்த ஆங்கில ஆசிரியரும் சிவப்பு மை போட மாட்டார். ஆனால் அட்டையின் அகலத்தில் அந்த வாக்கியம் இரண்டு வரியாக உடைந்திருந்தது. 'ஸ்ட்ரெய்னர் கவர்' வரை மேல் வரி. வால்வை மூட வேண்டும், தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது கீழ் வரி.

வழக்கமாக அந்த வேலையைச் செய்பவர் அன்று லீவு. வேறு லைனிலிருந்து ஒரு ஃபிட்டர் அண்ணன் வந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கீழ்ப்பக்க வால்வு ஏற்கெனவே மூடியிருந்தது, மேல்பக்க வால்வு திறந்திருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், மூடியின் போல்ட்டைத் தளர்த்தினார். வெந்நீர் வலது கையில் முழங்கை வரை கொட்டிவிட்டது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. கை ஆறியது. இரண்டு விரல்கள் மட்டும் முழுசாக மடங்கவில்லை.

விசாரணை நடந்தது. பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்து பார்க்கவில்லை, ஆள் மாற்றும்போது யாரும் விளக்கவில்லை என்று காரணங்கள் பல. அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் எழுதினேன்: "ப்ரொசீஜர் வாஸ் நாட் ஃபாலோடு." நடைமுறை பின்பற்றப்படவில்லை. அந்த ப்ரொசீஜரை எழுதியது யார் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. செயப்பாட்டு வினை எவ்வளவு சௌகரியமானது என்று அன்று தெரிந்துகொண்டேன். அறிக்கையைப் படித்த நிர்வாகம் அந்த அண்ணனுக்கு ஒரு மெமோ கொடுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கேன்டீனில் அவரைப் பார்த்தபோது, "அட்டையைப் படிச்சீங்களா அண்ணே?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவர் கோபப்படவில்லை. "படிச்சேன் சார். 'ஓப்பன்'னுதான போட்டிருந்துச்சு" என்றார்.

அன்று ராத்திரிதான் இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது, யார் இதைக் கல்லூரியில் கொண்டுவந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

சாசரின் மகனும் நன்னூலும்

படிப்பவனை மனதில் வைத்துத் தொழில்நுட்பத்தை எழுதுவது பழைய வித்தைதான். ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391 வாக்கில் அஸ்ட்ரோலேப் என்ற வானியல் கருவியைப் பயன்படுத்தும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். யாருக்காக? பத்து வயது மகன் லூயிஸுக்காக. பையனுக்கு லத்தீன் அவ்வளவாக வராது என்பதால் எளிய ஆங்கிலத்தில் எழுதுவதாக அவரே சொல்கிறார். ஆங்கிலத்தில் வந்த முதல் தொழில்நுட்பக் கையேடுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

நமக்கும் ஆள் இல்லாமல் இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, வேண்டிய அழகுகள் பத்து என்று பட்டியலே போட்டிருக்கிறார். தேவைக்குக் குறைவாகச் சொல்வது குற்றம், தேவைக்கு மேல் சொல்வதும் குற்றம், படிப்பவனைக் குழப்புவது குற்றம். பிளஸ் டூ வரை தமிழ் படித்த நம்மில் பலர் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்போம். இது ஸ்ட்ரெய்னருக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

கல்லூரிக்குள் வந்த கதை

பல்கலைக்கழகப் பாடமாக இது வளர்ந்தது அமெரிக்காவில். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து விவசாயமும் இயந்திரக் கலைகளும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்கு வழி செய்தது. அதன்பின் என்ஜினீயரிங் கல்லூரிகள் பெருகின. பாடத்திட்டத்தில் கணக்கும் டிராயிங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இங்கிலீஷ் ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. அதைச் சொல்லித்தர வந்த இலக்கியப் பேராசிரியருக்கு டர்பைன் தெரியாது, படிக்க வந்த பையனுக்குக் கவிதை வேண்டாம். ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழிப்பார்கள். நம் மத்தியான பீரியடுக்கு அப்போதே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது!

படித்து வெளியே போன என்ஜினீயர்களுக்கு எழுத வரவில்லை என்ற புகார் 1900களின் தொடக்கத்தில் பலமாக எழுந்தது. முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஆங்கில வாத்தியாரே அல்ல. சுரங்கப் பொறியாளரும் பத்திரிகை ஆசிரியருமான டி. ஏ. ரிக்கார்ட். அவருடைய தொழில்நுட்ப எழுத்துக் கையேடு 1908இல் வந்தது. பொறியாளர்கள் எழுதியனுப்பும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்திக் கை வலித்தவரின் புத்தகம் அது.

அடுத்து வந்தவர்தான் இந்தப் பாடத்தின் தகப்பன் என்று சொல்லப்படுகிறவர். பெயர் சாமுவேல் சாண்ட்லர் எர்ல், டஃப்ட்ஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். என்ஜினீயரிங் மாணவனை இலக்கியக் கட்டுரை எழுதச் சொல்லிப் பயன் இல்லை, அவன் தொழிலைப் பற்றியே எழுதட்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் 1911இல் வெளியிட்ட நூல், கல்லூரி வகுப்புக்கென்று எழுதப்பட்ட முதல் தொழில்நுட்ப எழுத்துப் பாடப்புத்தகமாகக் கருதப்படுகிறது. ஓர் இயந்திரத்தை விவரிப்பது வேறு, அது இயங்கும் விதத்தைச் சொல்வது வேறு, அதை இயக்க ஒருவனுக்கு வழிகாட்டுவது வேறு என்று அவர் பிரித்தார். இன்று இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் என் அட்டையில் நான் செய்ததைப் பாருங்கள். இயக்க வழிகாட்ட வேண்டிய இடத்தில் விவரித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதினேனே தவிர, அவர் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதவில்லை.

1918இல் கார்னகி அறக்கட்டளைக்காக சார்லஸ் மான் என்பவர் அமெரிக்கப் பொறியியல் கல்வியைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார். நல்ல என்ஜினீயருக்கு எது முக்கியம் என்று தொழிலில் இருந்த பொறியாளர்களிடமே கேட்டிருந்தார். குணம், சரியாக முடிவெடுக்கும் திறன், மனிதர்களைப் புரிந்துகொள்வது எல்லாம் மேலே இருந்தன. தொழில் நுணுக்கம் பட்டியலின் அடியில். நான்கு வருடமும் நாம் உருண்டு புரண்டது எதற்கென்று யோசிக்க வைக்கும் பட்டியல்.

போரும் கார்ட்டூனும்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் நிலைமை மாறியது. நேற்று வரை ஏர் பிடித்தவன் இன்று லாரியும் டாங்கியும் ஓட்ட வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அதற்குக் கையேடு வேண்டும். தடிமனான கையேட்டைப் படிக்க அவனுக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. அப்போது ராணுவத்தில் சேர்க்கப்பட்ட ஓவியர் வில் ஐஸ்னர், வண்டிப் பராமரிப்பைக் காமிக்ஸாகப் போட்டார். எதையும் தப்பாகவே செய்கிற ஜோ டோப் என்ற சிப்பாய் அதில் ஒரு பாத்திரம். அவனைப் பார்த்துச் சிரித்தபடியே மற்றவர்கள் சரியாகச் செய்யக் கற்றார்கள். 1951இல் அமெரிக்க ராணுவம் 'பிஎஸ்' என்ற பராமரிப்பு மாத இதழைத் தொடங்கியபோது, அதன் படங்களின் பொறுப்பை ஐஸ்னர் ஏற்று 1971 வரை நடத்தினார். 1960களின் கடைசியில் எம்-16 துப்பாக்கிக்கு அவர் செய்த பராமரிப்புக் காமிக்ஸ் பிரசித்தம். படம் போட்டால் பாடத்தின் மானம் போய்விடும் என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை. சிப்பாயின் துப்பாக்கி சுட வேண்டும், அவ்வளவுதான்.

போருக்குப் பின் கம்ப்யூட்டர் வந்தது. 1949இல் பைனாக் என்ற கணினிக்கு ஜோசப் சாப்ளைன் எழுதிய கையேட்டை, உலகின் முதல் கம்ப்யூட்டர் பயனர் கையேடுகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். எழுதுவதே முழுநேர உத்தியோகமானது. உத்தியோகம் வந்தால் பட்டமும் வரும். 1950களின் முற்பகுதியில் நியூயார்க் மாநிலத்து ரென்சலர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட் இதில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. 1958இல் பிட்ஸ்பர்க்கில், இன்று கார்னகி மெலன் என்று நாம் அறியும் நிறுவனம், இளங்கலைப் பட்டமே கொடுக்க ஆரம்பித்தது.

இடையில் 1954இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்டன் மில்ஸ், ஜான் வால்டர் இருவரும் ஒரு பாடப்புத்தகம் எழுதினார்கள். இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்தியது அவர்களுடைய அளவுகோல்தான். இப்படித்தான் எழுத வேண்டும் என்று விதிகளை அடுக்குவதைவிட, எழுதியது யாருக்கோ அவரிடம் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதே முக்கியம் என்றார்கள். பம்புக்கு டெஸ்ட் உண்டு, வெல்டிங்குக்கு டெஸ்ட் உண்டு. அப்படியானால் வாக்கியத்துக்கும் டெஸ்ட் வேண்டும். நம் மேடம் டீ போடச் சொல்லிச் செய்தது அந்த டெஸ்ட்தான். நாம் அதைக் காமெடி ஷோ என்று நினைத்துவிட்டோம்.

மேசைக்கு மேசை நகர்ந்த காகிதம்

என் கதையில் போனது இரண்டு விரல்கள். இதன் பெரிய வடிவம் ஒன்றை அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்புகளில் பாடமாகவே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். என்ஜினீயர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1977 செப்டம்பர் 24. ஓஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் ஒரு ரிலீஃப் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் ஆபரேட்டர்களுக்கு மீட்டரில் தண்ணீர் அதிகம் இருப்பதுபோல் தெரிந்ததால், அவசரத்துக்கு உள்ளே பாயும் தண்ணீரை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். உலை குறைந்த சக்தியில் ஓடியதால் சேதமில்லை. உலையை வடிவமைத்த பேப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதன் ஆபத்தைப் புரிந்துகொண்டார்கள். அவர்களில் பெர்ட் டன் என்பவர், ஆபரேட்டர்களுக்குப் புதிய அறிவுரை போக வேண்டும், இல்லாவிட்டால் விபரீதம் என்று 1978 பிப்ரவரியில் மெமோ எழுதினார். விஷயம் சரியானது. ஆனால் அந்தக் காகிதம் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போய், அங்கே சந்தேகங்கள் கிளம்பி, அதைப் பற்றி இன்னொரு மெமோ எழுதப்பட்டு, பதில் வராமல் நின்றது. வால்வுக்கு முன்னால் நிற்கிற ஆபரேட்டர் கைக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை.

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட். அதே நிறுவனத்தின் உலை, அதே வகைக் கோளாறு. ஆபரேட்டர்கள் அதேபோல் தண்ணீரைக் குறைத்தார்கள். உலையின் மையப் பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிவிட்டது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் கெமனி. நாம் லேபில் தட்டிய பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர்தான். முன்பே எழுதப்பட்ட அந்த மெமோக்களின் கதை அந்த விசாரணையில் வெளியே வந்தது.

2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்ததும் நமக்குத் தெரியும். நம்மில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தோம். புறப்படும்போது இறக்கையில் மோதிய நுரைத் துண்டு, அதுவரை செய்த சோதனைகளில் பயன்படுத்திய துண்டைவிடச் சுமார் 640 மடங்கு பெரியது. அந்த முக்கியமான செய்தி, நெருக்கமான எழுத்துகள் நிறைந்த ஒரு பவர்பாயின்ட் ஸ்லைடின் அடிவரிகளில் கிடந்தது. விசாரணைக் குழு அந்த ஸ்லைடையே தன் அறிக்கையில் அச்சிட்டு விமர்சித்தது.

இந்த இரண்டிலும் எழுதியவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. இலக்கணம் தெரியாமலும் இல்லை. படிக்கிறவர் எங்கே நிற்கிறார், படித்தபின் அவர் கை எங்கே போகும் என்பதுதான் தவறிப்போனது. இந்தப் பாடத்தை வெறும் எழுத்துப் பயிற்சி என்று ஒதுக்குவது தவறு என்று வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கரோலின் மில்லர் வாதாடிய கட்டுரையும், தற்செயலாக, அதே 1979இல்தான் வந்தது.

நம் ஊர்ப் பக்கம்

அண்ணா பல்கலைக்கழகம் 1978இல் உருவானது. அதன் மனிதவியல், சமூக அறிவியல் துறை தயாரித்த 'இங்கிலீஷ் ஃபார் என்ஜினீயர்ஸ் அண்ட் டெக்னாலஜிஸ்ட்ஸ்' 1990இல் வெளிவந்தது. ரிசோர்சஸ், எனர்ஜி, கம்ப்யூட்டர், டிரான்ஸ்போர்ட் என்று தலைப்புகள். ஞாபகம் வருகிறதா? நாம் முழுசாகத் திறந்தே பார்க்காத அந்தப் புத்தகத்தை, கதை, கவிதைகளை ஒதுக்கிவிட்டு, என்ஜினீயர் கையாளும் விஷயங்களை வைத்தே மொழிப் பயிற்சி கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். எர்ல் 1911இல் சொன்னதன் நம் ஊர் உருவம் என்று அதைச் சொல்லலாம். 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்கு கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் வந்தது. 2021இல் இரண்டு செமஸ்டருக்கும் புரொஃபஷனல் இங்கிலீஷ் என்று பெயர். பெயர் மாறினாலும் பையன் மாறவில்லை என்று கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2010இல், நாம் மூன்றாம் வருடத்துக்குப் போன சமயத்தில், அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. "தமிழ்ல படிச்சா எவன் வேலை தருவான்?" என்று நாமெல்லாம் கேட்டோம். நானும் கேட்டேன். அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் அட்டையின் கதை இந்த இடத்தில்தான் முடிகிறது. 2017இல் அதை மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்த முறை தமிழில். எழுதியதும் திடுக்கிட்டுப்போனேன். "இரண்டு வால்வையும் மூடி, தண்ணீரை முழுதும் வடித்த பிறகு, மூடியைத் திறக்கவும்." தமிழில் இயல்பாக எழுதினால் 'திறக்கவும்' கடைசியில்தான் வந்து நிற்கிறது. கண்டிஷன் தானாகவே முன்னால் போய்விடுகிறது. பாதியில் படிப்பதை நிறுத்துகிறவன் வால்வை மூடுவதோடு நிற்பான், மூடியைத் தொட மாட்டான். மேடம் ஆங்கிலத்தில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததை நம் அம்மாக்கள் நமக்குப் பேச்சிலேயே கொடுத்திருக்கிறார்கள். "கை கழுவிட்டு வந்து சாப்பிடு" என்று சொன்னார்களே தவிர, யாரும் மாற்றிச் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் விபத்தே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று வேலை இருப்பது தமிழிலும் தப்புதான், அதைப் பிறகு மூன்று படிகளாகப் பிரித்தேன். படிப்பவர் எந்த மொழியில் யோசிக்கிறார் என்று நான் 2015இல் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அட்டையை மாட்டும் முன் ஃபிட்டர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, வாய் திறக்காமல் ஓரமாக நின்று, அதன்படி செய்யச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் தயங்கினார்கள். அந்த இரண்டையும் திருத்தினேன். பழைய ஐந்தாவது வரி தவறாக எழுதப்பட்டது, எழுதியவன் நான், விபத்து அறிக்கையில் அதைச் சொல்லாமல் விட்டவனும் நான் என்று ஒரு கடிதம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். செய்வினையில்தான் எழுதினேன். எனக்கும் ஒரு மெமோ கிடைத்தது, நியாயம்தான். அந்த அண்ணனின் மெமோவை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் அவருக்கு நின்றுபோன இன்க்ரிமென்ட் நின்றதுதான். நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லிருக்கலாம் சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

அமெரிக்காவில் தொழில்நுட்ப எழுத்தாளர்களுக்கென்று இருந்த பெரிய சங்கம், 1953இல் வேர் விட்டது, 2025 ஜனவரியில் திவால் ஆகி மூடப்பட்டது. இப்போது கம்ப்யூட்டரிடம் கேட்டால் எட்டு என்ன, எண்பது இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறது. இனி இந்தப் பாடம் எதற்கு என்று முதல் வருடப் பையன்கள் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தது யாராக இருந்தாலும், அடியில் கையெழுத்துப் போடுவது என்ஜினீயர். வெந்நீர் கொட்டுவது ஃபிட்டர் கையில்.

முன்னாள் மாணவர் சங்கம் நம் கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் பேசப்போகிறோம். கட்டடம், குளிர்சாதனம் எல்லாம் வரட்டும். என் விண்ணப்பம் செலவில்லாதது. எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பரீட்சைத் தாளில் மட்டும் எழுத வைக்காமல், மாணவன் எழுதியதைக் கொண்டு ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு மாணவன் ஒரு வேலையை முடிக்க வேண்டும். முடித்தால் மார்க். வேலை நின்றுபோனால், செய்தவனுக்கு அல்ல, எழுதியவனுக்கு மார்க் குறைய வேண்டும். லேப் அட்டெண்டர் அண்ணன்மார் அதற்கு எக்ஸாமினராக இருந்தால் இன்னும் நல்லது.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விழாவுக்கு அவரையும் அழைத்திருப்பதாக மலர்க் குழுவினர் சொன்னார்கள். வந்தால், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அவரிடம் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்பு மை பேனாவும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அனைவரையும் விழாவில் சந்திப்போம்.